கோபத் தலையணை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோபம் வந்தால் ஒருவரையொருவர் கடித்துவைக்காமல் இதைக் குத்தட்டும் என்று, எஸ்தர் டீச்சர் தன் பழைய புடவையில் ஒரு தலையணை தைத்து, முறைக்கும் கண்களும் வைத்தாள். பிள்ளைகள் அதை வெளுத்து வாங்கினார்கள். வீட்டிலும் உதவட்டுமே என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். முத்தரசி கொண்டுபோன தலையணை, திங்களன்று குறுக்கே கறுப்பு நூல் தையலோடு திரும்பி வந்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது.

"குத்தச் சொன்னா கிழிச்சிட்டு வந்திருக்கியே புள்ள?"

"நான் இல்ல டீச்சர். அப்பா கத்திய எடுத்துட்டு வந்தாரு. 'கோவம்னா இத அடிங்கப்பா'ன்னு நீட்டுனேன். அம்மா வெடுக்குன்னு புடுங்கி வயித்துல வச்சிக்கிட்டாங்க. கத்தி பஞ்சோட நின்னுருச்சு."

டீச்சரின் விரல் தையலிலேயே நின்றது. நெருக்கமான, நடுக்கமே இல்லாத தையல். பழகிய கை.

பின்வரிசைப் பையன் ஒருவன் தன் முறை என்று தலையணையைப் பிடித்து இழுத்தான். முத்தரசி அவன் கையில் நறுக்கென்று கடித்தாள். அவன் அலறியபடி விட்டதும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது அம்மாவுக்கு வேணும் டீச்சர். தம்பிக்கு ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா? சின்னதா இருந்தாப் போதும்."

இரண்டு கைகளையும் விரித்து, எவ்வளவு சின்னது என்று காட்டினாள்.