டைலருக்கு ஓர் அர்ச்சனை

இதற்கு முன் கதை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். வாசகப் பெருமக்களின் நேரத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளத் துணிந்தமைக்கு முதற்கண் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன்.

"தம்பி, வலது காலை வைச்சு உள்ள வாங்கோ. இண்டைக்கு டைலருக்கு ஒண்டும் பிழையாப் போகக் கூடாது."

சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் அடுத்த வீட்டுக்குச் சென்ற வாரந்தான் குடிவந்தவர் பிரதீப்குமார். வடை வந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அவர், வாசலிலேயே திகைத்து நின்றார். வீட்டுக்காரரான அருந்தவன் அவர்கள், வேட்டிக்கு மேல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் செம்மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்தார். துணைவியார் யோகராணி அவர்கள் அதே ஜெர்சியைச் சேலைக்கு மேல் அணிந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு அங்கிள் டைலர்?"

"அமெரிக்கன் கொலிஜ் புட்போலில பன்ட் அடிக்கிற பொடியன். டெக்சாஸ்காரன். இந்த வருசத்தின்ர திறமான பன்டருக்கு இப்ப விருது குடுக்கப் போகினம். ரெண்டு பேருக்கு இடையில கடும் இழுபறி. நான் வேலைக்கு லீவு போட்டிட்டன்."

"பன்ட்னா?"

"பந்தைக் கையால விட்டு, நிலத்தில பட முதல் உதைச்சு எதிராளியிட்ட அனுப்புறது."

"எதிராளிகிட்டயே பந்தைக் குடுக்குறதுக்கா அங்கிள் பரிசு?"

"குடுக்கிறது பெரிசில்லைத் தம்பி. எவ்வளவு தூரத்தில கொண்டுபோய்க் குடுக்கிறான் எண்டதுதான் விசயம்."

பிரதீப்குமார் சென்னையில் கிரிக்கெட்டுக்காகப் பட்டினி கிடந்தவர். ஆகவே மேற்கொண்டு வாதிடுவது நாகரிகமன்று எனக் கருதி, காட்டிய கதிரையில் அமர்ந்தார்.

"போன கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில டைலரின்ர பேரில அர்ச்சனை செய்தனாங்கள்," என்றார் யோகராணி. "ஐயர் நட்சத்திரம் கேட்டவர். இன்டர்நெட்டில பிறந்த திகதியை எடுத்து, பஞ்சாங்கத்தில பார்த்து, ரேவதி எண்டு சொன்னனான்."

"கோத்திரம் கேட்டிருப்பாரே ஆன்ட்டி?"

"சிவகோத்திரம் எண்டு இவர் சொல்லிட்டார்."

"வேற என்னத்தைச் சொல்லுறது? மெதடிஸ்ட் எண்டு சொல்லேலுமே?" என்றார் அருந்தவன். "ஐயர் 'டைலர் நாமதேயஸ்ய' எண்டு சொல்லேக்க எனக்குக் கண்ணீர் வந்திட்டுது."

திரையில் டைலர் உதைத்த பந்து வானத்தில் மறைந்தது. அருந்தவன் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்துப் போட்டியாளரைக் காட்டினார்கள். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. அவன் உதைத்த பந்து அதைவிடத் தூரம் போனது. அருந்தவன் முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன உயரம்!" என்றார் யோகராணி. "காலைப் பாருங்கோ, மெலிஞ்சு போய்க் கிடக்கு. நேரத்துக்குச் சாப்பிடுறானோ தெரியாது."

"நீர் ஆரின்ர பக்கம்?"

"டைலரின்ர பக்கந்தான்," என்று சாம்பிராணியை அவசரமாக ஊதினார் அவர்.

"அந்த இன்னொரு பையன் பேரு என்ன அங்கிள்?"

"அதை மட்டும் கேளாதேங்கோ. பேரைச் சொன்னா மனம் இளகிப் போகும்."

"டைலர் ஜெயிக்கலைன்னாதான் என்ன? அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே."

அருந்தவனின் குரல் தழுதழுத்தது. "அடுத்த வருசம் எண்டு ஒண்டு எங்களுக்கு இல்லைத் தம்பி. இண்டைக்கு டைலர் வெல்லாட்டி, நாங்கள் இருபது வருசமாக் கட்டின கோட்டை இடிஞ்சு போகும்."

இவ்வளவு உண்மையான ரசிகரைப் பிரதீப்குமார் அதற்கு முன் கண்டதில்லை. யோகராணி நீட்டிய மூன்றாவது ஜெர்சியை மறுக்காமல் வாங்கி அணிந்துகொண்டார்.

"கவலைப்படாதீங்க அங்கிள். டைலர் ஜெயிச்சா நான் மொட்டை போட்டுக்கறேன்."

"உங்களை மாதிரி ஒரு பிள்ளை இருந்தால்..." என்று தொடங்கிய யோகராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மேடையில் கறுப்பு உடை அணிந்த பெருமாட்டி ஒருவர் உறையைக் கையில் எடுத்தார். மூவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர்.

"டைலர், டைலர், டைலர்..." என்று பிரதீப்குமார் கண்ணை மூடி முணுமுணுத்தார். ஊரில் தம் தங்கையின் தேர்வு முடிவுக்குக்கூட அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பெருமாட்டி உறையைப் பிரித்து, பெயரை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, உரக்க வாசித்தார்:

"சுபாங்கன் அருந்தவன்! சிட்னி, ஆஸ்திரேலியா!"

அன்று அந்த வீட்டில் இழக்கப்பட்டவை பின்வருமாறு: விருது கிடைக்காவிட்டால் பந்து விளையாட்டை விட்டுவிட்டு வீடு திரும்புவதாக ஒரே மகன் கொடுத்திருந்த வாக்கு, அவனுக்கென மருத்துவக் கல்லூரியில் ஒத்திவைக்கப்பட்டிருந்த இடம், அத்தோடு "ஒரு மேட்சும் விடாமல் பார்த்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி" என்று அவன் மேடையில் தமிழில் சொன்ன கணத்தில், தந்தையார் அதுவரை பத்திரமாக வைத்திருந்த கோபம் முழுவதும்.