ரேகை விழாத விரல்

கரப்பான் என்னும் தோல்நோய் வந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததால் ரேஷன் கடை இயந்திரத்தில் செல்வராணியின் கைரேகை விழவில்லை. களிம்பு பூசினால் அரிப்பு அடங்கும். ஆனால் விரல் வழுக்கும் என்று, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு பூசாமலே வந்திருந்தாள்.

"நல்லா தொடைச்சிட்டு வைம்மா" என்றார் கடைக்காரர்.

முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். வெடிப்பிலிருந்து கசிந்த நீர் கண்ணாடியில் ஒட்டியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கார்டுல பேரு இருக்கிற வேற யாராவது வந்திருக்காங்களா?"

கூட வந்திருந்த மகள் எழிலரசி முன்னால் வந்தாள். விரலை வைக்கப் போனவள் சற்றுத் தயங்கி, துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகுதான் விரலை வைத்தாள். இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது.

துடைத்தால்தானே ரேகை விழும் என்று செல்வராணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தாள்.

தெருமுனையில் எழிலரசி திரும்பினாள். "பைய குடும்மா, நான் தூக்கிட்டு வரேன்."

செல்வராணி பையைக் கீழே வைத்து, தான் பிடித்திருந்த கைப்பிடிகளை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"எதுக்கும்மா அத தொடைக்கிற?" என்று கேட்ட எழிலரசிக்கு, கேட்டு முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.