முழுக்கை ரவிக்கை

கல்யாணப் பெண்ணின் இரண்டு முழங்கைகளிலும் அந்த அரிப்புத் தடிப்பு மறுபடியும் கிளம்பிச் சிவந்திருந்தது. பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட அரைமணி நேரம்தான் இருந்தது.

"சொன்னாக் கேளு, இந்த முழுக்கை ரவிக்கையைப் போட்டுக்கோ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று தலை வாரிவிட்டவள் கெஞ்சினாள்.

"மூடினா வேர்க்கும். வேர்த்தா இன்னும் அரிக்கும். மருந்து தடவியிருக்கேன், காத்துப் படணும்."

"ஒருநாள் பொறுத்துக்கக் கூடாதா?"

"இத்தனை வருஷமா வர்றதும் போறதுமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒளிச்சு வெச்சே அலுத்துப்போச்சு. இனிமே மாட்டேன்."

"அவர் முகத்தைச் சுளிச்சுட்டா?"

"சுளிக்கட்டும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே எனக்கும் தெரிஞ்சிடும்ல?"

அரைக்கை ரவிக்கையோடேயே போய் நின்றாள். மாப்பிள்ளை அந்த முழங்கைகளைப் பார்த்தார். "ரொம்ப அரிக்குதா?" என்று கேட்டு, தன் நாற்காலியை மின்விசிறிக்கு நேராக நகர்த்தி அவளை உட்காரச் சொன்னார்.

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி பெண் வீட்டுச் சாட்சியைக் கூப்பிட்டார். காலையில் கெஞ்சியவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார் அதிகாரி.

"மகள் சார்," என்றாள் அவள் நிமிர்ந்து. "இது எங்க அம்மா கல்யாணம்."