மூணாவது ஜன்னல் சாமி

“ஏம்மா, கண்ணு தெரியல? அது நம்ம ஜன்னல் இல்ல. இங்க வந்து நில்லு!”

வரிசையில் நின்ற பெரியவர் போட்ட சத்தத்தில், மூன்றாவது ஜன்னல் பக்கம் போன தையல்காரம்மா திடுக்கிட்டு நின்றாள்.

பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அரசாங்க ஆபீஸ் அது. மொத்தம் மூன்று ஜன்னல். முதல் ஜன்னல்காரர் ஒருநாள் தன் தலைக்கு மேல் சாமி படம் மாட்டினார். இரண்டாவது ஜன்னல்காரம்மா விடுவாளா? தன் சாமியை ஒரு சாண் பெரிதாகவே மாட்டினாள்.

ஜனங்களும் அவரவர் சாமி இருக்கிற ஜன்னலாகப் பார்த்து நிற்க ஆரம்பித்தார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஒரு ஆடு தாண்டினால் மந்தையே தாண்டுமே, அப்படித்தான் அது வழக்கமாகிப் போனது.

மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஈ கூட உட்காரவில்லை. அங்கே தொங்கிய படத்தில் ஒரு வட்டம். அதற்குக் கீழே மூன்று வேர் தொங்குகிற மாதிரி ஏதோ ஒன்று. மேலே யாருக்கும் புரியாத ஒரு வரி எழுத்து. அந்தச் சாமியைக் கும்பிடுகிற ஆள் ஒருத்தரையும் ஊர் பார்த்ததில்லை. படத்துக்கு அடியில் இருந்தவர், ‘கொட்டாவி’ என்று ஆபீஸே செல்லமாக அழைக்கும் குமாஸ்தா.

நீண்ட வரிசையில் நிற்க நேரமில்லாத தையல்காரம்மா துணிந்து அவரிடமே போனாள்.

“ஐயா, பொண்ணைப் பள்ளிக்கூடத்தில சேர்க்க இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்க.”

கொட்டாவி, வந்த கொட்டாவியை நிதானமாக விட்டு முடித்தார். விரலால் மேலே காட்டினார்.

“படத்தைப் பார்த்தியா? உன் சாமியா?”

“இல்லீங்க.”

“அப்புறம்? உங்க ஆளுங்க ஜன்னல்ல போய் நில்லும்மா. நான் யார் மனசையும் புண்படுத்தறதில்ல.”

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவு திறந்தது. முந்தின நாள் வேலையில் சேர்ந்த புது அதிகாரியம்மா வெளியே வந்தார்.

“மூணு படத்தையும் கழட்டுங்க. வீட்டுல எத்தனை சாமி வேணாலும் கும்பிடுங்க. இது எல்லார் வரிப் பணத்துலயும் நடக்கிற ஆபீஸ். எல்லா ஜன்னலும் எல்லாருக்கும்தான்.”

“வந்த மறுநாளே சாமி மேல கை வைக்கிறாங்களே, விளங்குமா?” என்று முனகிக்கொண்டே முதல் ஜன்னல்காரர் கழட்டினார். அவர் படம் முழுசாகக் கீழே இறங்கிவிட்டதா என்று எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இரண்டாவது ஜன்னல்காரம்மா தன்னுடையதைக் கழட்டினாள்.

கொட்டாவியோ நாற்காலியில் தாவி ஏறிப் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாற்காலி ஆடியது. அவரும் சேர்ந்து ஆடினார்.

“என் உயிர எடுங்க மேடம், சாமிய எடுக்காதீங்க! ஏழு தலைமுறையா எங்க குடும்பத்தைக் காப்பாத்தற சாமி!”

அந்த மனுஷன் இவ்வளவு சுறுசுறுப்பாக அசைந்து அந்த ஆபீஸ் பார்த்ததே இல்லை.

“பாவம், ஒண்டிக்கட்டைச் சாமி! அதையாவது விட்டுடுங்க மேடம்!” என்றார் பெரியவர்.

“கல் நெஞ்சுக்காரி!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தையல்காரம்மாவே மூக்கை உறிஞ்சினாள். “என் வேலை கெட்டாக் கெடட்டும்மா. அவர் சாமி அங்கயே இருந்துட்டுப் போகட்டும்.”

“கொஞ்சம் இறங்குங்க” என்றார் அதிகாரி.

ஜெயித்துவிட்ட தோரணையில் கொட்டாவி இறங்கினார். அதிகாரி நாற்காலியில் ஏறினார். படத்தைக் கழட்டினார். வரிசையே “ஐயையோ!” என்றது.

அவர் கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். பிறகு படத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார்.

தொங்கிக்கொண்டிருந்த மூன்று வேரும் மூன்று தீபச் சுடராக எழுந்து நின்றன. எழுத்து அடியில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. அதிகாரி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“யோவ்!” என்றார் பெரியவர். “ஏழு தலைமுறையும் தலைகீழா நின்னா கும்பிட்டீங்க?”

கொட்டாவிக்கு வந்த கொட்டாவி பாதியில் நின்றது.

“முதல்ல இந்தம்மாவுக்கு எழுதுங்க” என்றார் அதிகாரி. “பொண்ணு பள்ளிக்கூடம் போகணும்.”

பேனா பறந்தது. தையல்காரம்மா சான்றிதழோடு வாசலுக்கு ஓட, இரண்டு வரிசையிலும் இருந்த பாதிப் பேர் மூன்றாவது ஜன்னலுக்கு ஓடினார்கள்.

படத்தை அணைத்துக்கொண்டு அறைப் பக்கம் நடந்த அதிகாரி, வாசற்படியில் நின்று திரும்பினார்.

“ஊர்ல யாருமே கும்பிடாத சாமியாத் தேடிப் பிடிச்சு மாட்டினீங்க, சரி. போன வாரம் ஒரு குடும்பம் புதுசா குடி வந்துச்சே, அங்க மட்டும் விசாரிக்கலையா? எங்க குடும்பம்தான்.”