நனைந்தால் தெரியும் கை

காரைத் தாங்களே கழுவிக்கொண்டு போகிறவர்களுக்கான அந்த இடத்தில் சுவரைக் கழுவத்தான் ஆள் தேவைப்பட்டது. அருளப்பன் செத்த பிறகு அந்த வேலை அவன் மனைவி பிலோமினாவுக்கு வந்தது. காய்ந்த சிமென்ட் கல் சுவர், கறை போக்க ஊற்றும் ஆசிட்டைக் குடித்துவிடும், முதலில் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும் என்று அவன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நனைத்தாள். முழங்கால் உயரத்தில் ஒரு கை தெரிந்தது. விரித்த உள்ளங்கை, மோதிர விரல் மட்டும் பாதி. புருஷன் விரல் அவளுக்குத் தெரியாதா? "அது வெறும் கறைம்மா. ஆசிட்டை ஊத்தித் தேய், போயிடும்," என்றார் முதலாளி தங்கதுரை, கிட்ட வராமலே. "அவரு வெளிய ரோட்டுலதான் விழுந்து செத்தாருன்னு சொன்னீங்களே, அண்ணாச்சி?" தங்கதுரை அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் விடு. காஞ்சா ஒண்ணும் தெரியாது." உண்மைதான். சுவர் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரல் அதற்குள் மறைந்துவிட்டது. பிலோமினா ஆசிட் கேனை மூடிக் காலால் தள்ளினாள். குழாயை எடுத்து அந்தக் கையின்மேல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தண்ணீரை நிறுத்தத் தங்கதுரை மோட்டார் சுவிட்சை நோக்கி நடந்தார்.