குறுக்கே வைத்த கால்

பார்க்கின்சன் நோய் வந்தபின் வாசலைக் கண்டாலே தேவசகாயத்தின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மகன் கையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு முறை விழுந்தார். அதன்பின் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. வீட்டிலேயே இருந்து கவனித்துக்கொள்ள வந்த ரஹ்மத் பீவி அவரை இழுக்கவில்லை. அவர் பாதத்துக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்தாள். தாண்ட ஏதாவது கண்ணில் பட்டால் ஒட்டிய கால் தானே எழும் என்பது அவளுக்குத் தெரியும்.

“இதைத் தாண்டுங்க சார்.”

“ஆளைத் தாண்டக் கூடாதும்மா. அப்புறம் நீ வளரமாட்டே.”

“நாற்பத்தாறு வயசாச்சு. வளர்ந்த வரைக்கும் போதும், தாண்டுங்க.”

சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டார். அந்த வாரமே கூடத்துக்கு வந்தார், அடுத்த வாரம் கேட் வரைக்கும். தெருவில் இறங்கும் இடத்தில் கால்கள் மறுபடி நின்றுவிட்டன. ரஹ்மத் தன் காலை நீட்டினாள்.

“வேண்டாம்மா, அங்கே கோடு இருக்கு” என்றார், தார்ச்சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி. வலது கால் மெல்ல எழுந்தது.