திண்டுக்கல் பூட்டு

“பெட்டியை வச்சிட்டு வெளிய போய் உக்காரும்மா,” என்றார் சுங்க அதிகாரி.

குவைத்திலிருந்து வந்திறங்கிய சகாயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடமும் இதே ஆள், இதே பேச்சு. திரும்பி வந்து பார்த்தால் அம்மாவுக்கு வாங்கிய வளையல் பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, “நாங்க திறந்ததுக்குச் சாட்சி இருக்கா?” என்று சிரித்தார்.

“நான் இல்லாமத் திறக்கக் கூடாது சார். அதான் சட்டம்.”

“எனக்கே சட்டமா? போம்மா.”

வெளியே போய் உட்கார்ந்து, கைபேசியை எடுத்தாள்.

சற்று நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து, பெட்டியோடு அவரே வந்தார். பைக் சாவியும் சேர்ந்த அவருடைய சாவிக்கொத்து பூட்டிலேயே தொங்கியது.

“என்னம்மா பூட்டு இது? சாவியை விடமாட்டேங்குது.”

“திண்டுக்கல்ல எங்கப்பா செஞ்சது சார். கள்ளச்சாவி போட்டா கவ்விக்கிரும். உங்க மேலதிகாரிக்குச் சொல்லியாச்சு, வாராரு. அதுவரைக்கும் தொடாதீங்க. போன வருசம் சாட்சி கேட்டீங்கள்ல, அந்தா தொங்குது.”